சுகர் இருக்கா? பிரஷர் இருக்கா? மூன்றாவதாக இன்னொன்றும் கேளுங்கள்

கொஞ்சம் நீளமான பதிவு. காபியோடு உட்காருங்கள். தைராய்டு மாத்திரை போடுகிறவர்கள் மட்டும் மாத்திரை போட்டு ஒரு மணி நேரம் ஆகிவிட்டதா என்று பார்த்துக்கொண்டு காபியைத் தொடுங்கள். ஏன் என்று கீழே வருகிறது.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் டாக்டர் இல்லை. இரண்டு வருட ஆசிரியர் பயிற்சி முடித்து, 36 வருடம் சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னவள். இதைப் படித்துவிட்டு யாரும் மாத்திரை அளவைக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம். நான் எழுத வந்தது மாத்திரையைப் பற்றி அல்ல. அந்த மாத்திரை சாப்பிடுகிறவர் வேறு ஏதோ காரணத்துக்காக ஆஸ்பத்திரியில் போய்ப் படுத்தால் அதற்கு என்ன ஆகிறது என்பதைப் பற்றி.

எந்த மருத்துவமனைக்குப் போனாலும் வாசலிலேயே கேட்கும் கேள்விகள் நமக்கு மனப்பாடம். "சுகர் இருக்கா? பிரஷர் இருக்கா? ஏதாவது மருந்து ஒத்துக்காதா?" காய்ச்சலோ கால் முறிவோ, இந்த மூன்றும் நிச்சயம். நல்ல பழக்கம், குறை சொல்ல மாட்டேன். ஆனால் "தைராய்டு மாத்திரை சாப்பிடுறீங்களா?" என்று கேட்டு நான் அதிகம் பார்த்ததில்லை. பிரசவ வார்டில் கேட்கிறார்கள். எலும்பு முறிவு, கண், குடலிறக்கம் என்று மற்ற வார்டுகளுக்குப் போனால் அந்தக் கேள்வி காணாமல் போய்விடுகிறது.

இது அபூர்வமான நோயும் இல்லை. சென்னை உட்பட எட்டு இந்திய நகரங்களில் 5,000-க்கும் மேற்பட்ட பெரியவர்களைச் சோதித்து 2013-ல் வெளியிட்ட ஆய்வில், நூற்றுக்குப் பதினோரு பேர் அளவில் தைராய்டு சுரப்புக் குறைவு இருந்தது. பெண்களில் இன்னும் அதிகம். கணக்கு டீச்சர் புத்தியில் போட்டுப் பார்க்கிறேன். 30 கட்டில் உள்ள வார்டில் மூன்று பேர். கேட்டால்தானே தெரியும்?

இனி என் அக்கா கதை.

அக்காவுக்கு 73 வயது. எங்கள் அப்பா தறி நெய்து கொண்டுவந்ததில் மிச்சம் என்று எதுவும் இருந்ததில்லை. அக்கா நூல் சுற்றிச் சம்பாதித்ததில்தான் நான் ஆசிரியர் பயிற்சிப் பள்ளி விடுதிக்குப் பணம் கட்டினேன். இதற்கு மேல் அவரைப் பற்றி எழுதினால் இந்தப் பதிவு வேறு எங்கோ போய்விடும். 19 வருடமாகத் தினமும் காலையில் 100 மைக்ரோகிராம் தைராக்சின் மாத்திரை. சாமி அலமாரிக்குப் பக்கத்தில் டப்பா. பல் துலக்கியதும் மாத்திரை, அப்புறம் வாசல் தெளித்துக் கோலம், அப்புறம்தான் காபி. கடிகாரமே தேவையில்லாத ஒழுங்கு.

பங்குனிக் கடைசியில் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. மகன் பதறியடித்துப் பக்கத்து நகரத்தில் ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்த்தான். சேர்க்கும் படிவத்தில் சுகருக்கு ஒரு கட்டம், பிரஷருக்கு ஒரு கட்டம் அச்சடித்திருந்தது. சுகர் இல்லை, பிரஷர் உண்டு என்று டிக் அடித்தார்கள். பிரஷர் மாத்திரை அட்டை அவன் பையிலேயே இருந்தது. தைராய்டுக்குக் கட்டமும் இல்லை, கேள்வியும் இல்லை. வலியில் துடித்துக்கொண்டிருந்த அக்காவும் அப்போது எதையும் சொல்லும் நிலையில் இல்லை.

ஆனால் மறுநாள் காலை சொல்லியிருக்கிறார். அதுதான் எனக்கு ஆறவில்லை. "நான் காலையில வெறும் வயித்துல ஒரு மாத்திரை சாப்பிடுவேனே" என்று கேட்டதற்கு, "இங்க நாங்க குடுக்குறதைத்தான் சாப்பிடணும் பாட்டி" என்று பதில் வந்திருக்கிறது. அந்தப் பெண் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. வீட்டு மருந்தையும் ஆஸ்பத்திரி மருந்தையும் கலந்து சாப்பிட்டு ஆபத்தாகிவிடக்கூடாது என்று அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்த விதி அது. விதி சரிதான். ஆனால் "என்ன மாத்திரை பாட்டி?" என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் கேஸ் ஷீட்டில் ஒரு வரி ஏறியிருக்கும்.

அறுவை சிகிச்சை நன்றாக நடந்தது. அதை மனசாரச் சொல்கிறேன். 11-வது நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். டிஸ்சார்ஜ் சம்மரியில் ஆறு மருந்து. கேஸ் மாத்திரை, கால்சியம், இரும்புச்சத்து, பிரஷர், வலி மாத்திரை, இரத்தம் உறையாமல் இருக்க ஒன்று. "இதுல எழுதியிருக்கிறதைத் தவிர வேற எதுவும் குடுக்காதீங்க" என்று சொல்லி அனுப்பினார்கள். மருமகள் பொறுப்பான பெண். சொன்ன சொல் தவறாமல், பழைய டப்பாவை எடுத்து அலமாரிக்குள் வைத்துவிட்டாள். அவளைக் குற்றம் சொன்னால் நாக்கு அழுகிவிடும். அச்சடித்துக் கையெழுத்துப் போட்ட தாளை நம்பாமல் வேறு எதை நம்புவாள்?

நான் இருப்பது வேறு மாவட்டத்தில். தினமும் போனில் பேசுவோம். "தூக்கமாவே வருது பாப்பா" என்பார். ஆபரேஷன் அசதி என்றார்கள். மலச்சிக்கல் என்றார்கள், படுக்கையில் இருந்தால் வரத்தானே செய்யும். குரல் கரகரப்பாகி, வார்த்தை இழுத்து இழுத்து வந்தது. தொண்டையில் குழாய் போட்டதால் என்றார்கள். பிசியோதெரபி செய்ய வந்த பையன், "பாட்டி ஒத்துழைக்கவே மாட்டேங்கிறாங்க" என்று புகார். இந்த நோயின் குணமே இதுதான். ஒவ்வொரு அறிகுறிக்கும் பக்கத்திலேயே வேறொரு நியாயமான காரணம் தயாராக நிற்கும். வயதானவர் என்றால் எல்லாவற்றுக்கும் ஒரே காரணம், வயசு.

நேரில் போனபோது கத்திரி வெயில். ஓட்டு வீடு. அக்கா கம்பளி போர்த்திப் படுத்திருந்தார். முகம் உப்பியிருந்தது. கையைத் தொட்டால் மண்பானைத் தண்ணீர் மாதிரி குளிர். "தைராய்டு மாத்திரை யார் எடுத்துக் குடுக்குறா?" என்று கேட்டேன். மருமகள் முகம் மாறிவிட்டது. "அது இந்தத் தாள்ல இல்லையே சின்ன அத்தை" என்றாள். ஐந்தரை வாரம் ஆகியிருந்தது.

அன்று மாலையே வேறொரு மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். அங்கே பணியில் இருந்த இளம் பெண் மருத்துவருக்கு என் அக்கா குடும்பமே கடன்பட்டிருக்கிறது. வெப்பமானியில் 95 டிகிரி என்று பார்த்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தார். காய்ச்சல் இருக்கிறதா என்றுதான் எல்லோரும் பார்க்கிறோம். குறைவாக இருந்தால் "நார்மல்" என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். அவர் நகரவில்லை. நாடி 52. முறியாத காலின் குதிகாலுக்கு மேலே சின்னச் சுத்தியலால் தட்டினார். பாதம் துள்ளியது, ஆனால் திரும்பி வரும்போது மெதுவாக, சோம்பேறித்தனமாக வந்தது. "இதைப் பாருங்க டீச்சர்" என்று எனக்கும் காட்டினார். இரத்தத்தில் சோடியம் குறைவு. டி.எஸ்.ஹெச். 68.

இந்த டி.எஸ்.ஹெச். பலரைக் குழப்புகிறது, ஒரு நிமிடம் பாடம் எடுத்துவிடுகிறேன். தைராய்டு ஒரு வகுப்பு ஆசிரியர் என்று வைத்துக்கொள்ளுங்கள். மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி தலைமை ஆசிரியர். வகுப்பில் வேலை நடக்கவில்லை என்றால் தலைமை ஆசிரியர் சுற்றறிக்கை மேல் சுற்றறிக்கை அனுப்புவார். அந்தச் சுற்றறிக்கைதான் டி.எஸ்.ஹெச். அது கூடினால் தைராய்டு வேலை செய்யவில்லை என்று பொருள். பெரும்பாலான ஆய்வகங்களில் 4 அல்லது 5-க்குள் இருந்தால் இயல்பு என்று போட்டிருப்பார்கள். அக்காவுக்கு 68 சுற்றறிக்கை! எல்லோருக்கும் இதைப் பரிசோதித்துவிடலாமே என்று கேட்பீர்கள். கடும் நோயில் படுத்திருப்பவருக்குத் தைராய்டு நன்றாக இருந்தாலும் இந்த எண்கள் தாறுமாறாக வருமாம். அதனால் சந்தேகம் இல்லாமல் எல்லோருக்கும் செய்ய வேண்டியதில்லை. வாயைத் திறந்து கேட்பதற்குத்தான் செலவே இல்லையே.

இன்னும் விட்டிருந்தால் மிக்ஸிடிமா கோமா என்ற நிலைக்குப் போயிருக்கலாம் என்று அந்த மருத்துவர் விளக்கினார். உடம்பு குளிர்ந்து, மூச்சு மந்தமாகி, நினைவு தப்பிவிடும். அபூர்வம்தான், ஆனால் வந்தால் தீவிர சிகிச்சை கொடுத்தும் பலரைக் காப்பாற்ற முடிவதில்லை. மாத்திரை நின்றுபோன வயதானவருக்கு ஒரு தொற்றோ, அறுவை சிகிச்சையோ, தூக்க மருந்தோ சேர்ந்துகொண்டால் அதுவே இழுத்துவிட்டுவிடும். ஒரு ராத்திரி ஐ.சி.யூ.வில் வைத்திருந்தார்கள். நான் வெந்நீர்ப் பை வைக்கட்டுமா என்று கேட்டேன். வேண்டாம், வெளியிலிருந்து சூடு கொடுத்தால் இரத்தக் குழாய் விரிந்து பிரஷர் இறங்கிவிடும், போர்வை போதும் என்றார்கள். இதெல்லாம் யாருக்குத் தெரியும்? மாத்திரையையும் முழு அளவில் உடனே தொடங்கவில்லை. இதயம் தாங்க வேண்டுமே என்று குறைந்த அளவில் ஆரம்பித்து ஏற்றினார்கள்.

சரி, பிழைத்தோம் என்று வார்டுக்கு வந்தால் அடுத்த நாடகம். காலை எட்டரைக்கு மருந்துத் தட்டு வந்தது. ஒரே காகிதக் கிண்ணத்தில் தைராய்டு மாத்திரை, கால்சியம், இரும்புச்சத்து, கேஸ் மாத்திரை. பக்கத்தில் இட்லியும் காபியும். இந்த மாத்திரை வெறும் வயிற்றில் தண்ணீரோடு போட வேண்டியது. உணவு அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் கழித்து. கால்சியமும் இரும்பும் இதைக் குடலில் பிடித்துவைத்துக்கொள்ளும், உடம்புக்குள் ஏறவிடாது. அவற்றுக்கும் இதற்கும் நான்கு மணி நேரம் இடைவெளி வேண்டும். காபியும் தடுக்கும். பாண்டோபிரசோல் போன்ற கேஸ் மாத்திரையைத் தொடர்ந்து சாப்பிட்டாலும் உறிஞ்சுவது குறையலாம். ஆக, கேஸ் ஷீட்டில் "கொடுத்தாயிற்று" என்று டிக் இருக்கும், உடம்பில் பாதி ஏறியிருக்காது.

பொறுப்பு சிஸ்டரிடம் சொன்னேன். "மருந்து ரவுண்டே எட்டரைக்குத்தான் டீச்சர். ஒரு மாத்திரைக்காகத் தனியா எப்படி ஆள் விடுறது?" என்றார். நியாயமான கேள்வி. எத்தனையோ நோயாளிகளுக்கு இரண்டே பேர் ஓடிக்கொண்டிருப்பதைக் கண்ணால் பார்த்தவள் நான். அவர்களிடம் கோபப்படுவது சுலபம், பிரயோஜனம் இல்லை.

என்னிடம் நாலாம் வகுப்பு படித்த ஒரு பெண் இப்போது ஓர் அரசு மருத்துவமனையில் ஸ்டாஃப் நர்ஸ். அன்று இரவு அவளிடம் போனில் புலம்பினேன். அவள் சிரித்தாள். "டீச்சர், விடிகாலை அஞ்சரைக்கு நைட் டியூட்டி நர்ஸ் எல்லா சுகர் பேஷண்டுக்கும் விரல்ல குத்தி வெறும் வயித்து சுகர் பார்ப்பாங்கல்ல? பிரஷரும் பார்ப்பாங்க. அப்பவே தைராய்டு மாத்திரையையும் குடுத்துட்டா முடிஞ்சுது. புதுசா ஒரு நடை நடக்க வேண்டியதில்லை." அவளே தொடர்ந்தாள். கால்சியத்தை மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் தள்ளிவிடலாம், இரும்பை இரவுக்கு. காலையில் முடியவே முடியாது என்றால், டாக்டர் சம்மதித்தால், இரவு சாப்பிட்டு மூன்று மணி நேரம் கழித்துப் படுக்கும்போது கொடுக்கலாம், அதுவும் நன்றாகவே வேலை செய்கிறது. எனக்கு வகுப்பில் முதல் பெஞ்சில் அந்தப் பிள்ளை எழுந்து நின்று வாய்ப்பாடு சொன்னது ஞாபகம் வந்தது.

மறுநாளே பொறுப்பு சிஸ்டரிடம் இதைச் சொன்னேன். ஒரு நிமிடம் யோசித்துவிட்டு, "இது செய்யலாமே" என்றார். அக்காவுக்கு மிச்சமிருந்த ஐந்து நாளும் விடியற்காலை ஐந்தரைக்கு மாத்திரை வந்தது.

இன்னும் சில இடங்களில் இந்த மாத்திரை தவறிப்போகிறது. அறுவை சிகிச்சை அன்று "வாயில் எதுவும் படக்கூடாது" என்பார்கள். தைராய்டு மாத்திரையை ஒரு வாய்த் தண்ணீரோடு போடலாம் என்றுதான் பெரும்பாலும் மயக்க மருத்துவர்கள் சொல்கிறார்கள். அவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். அன்று ஒரு நாள் விட்டுப்போனால் பயப்பட வேண்டியதும் இல்லை. இந்த மருந்து உடம்பில் பாதியாகக் குறையவே ஒரு வாரம் ஆகும். ஆபத்து எங்கே என்றால், அன்று நிறுத்தியதை மறுபடி தொடங்க யாருக்கும் நினைவில்லாமல் போவதில்தான். மூக்குக் குழாய் வழியே உணவு போகிறவருக்கு மாத்திரையைக் கரைத்து விடலாம், ஆனால் முன்னும் பின்னும் கொஞ்ச நேரம் உணவை நிறுத்த வேண்டும். அப்புறம் இந்த மாத்திரை பெரும்பாலும் அட்டையில் வராமல் நூறு மாத்திரை டப்பாவாக வருகிறது. மூன்று நாள் படுத்திருப்பவருக்கு ஆஸ்பத்திரி மருந்துக்கடை முழு டப்பாவை விற்க வேண்டும். "வீட்டிலிருந்து கொண்டுவாங்க" என்கிறார்கள். வீட்டில் எல்லோரும் ஆஸ்பத்திரியில் இருக்கிறார்கள். யார் போய் எடுத்து வருவது? எத்தனை மைக்ரோகிராம் என்று கேட்டால் "ரோஸ் கலர் டப்பா" என்பார் நம் ஆள்.

இவ்வளவு சங்கடமும் ஒரு நாளைக்குச் சுமார் இரண்டு ரூபாய் ஆகும் மாத்திரைக்கு. 1891-ல் இங்கிலாந்தில் நியூகாசில் ஊரில் ஜார்ஜ் முர்ரே என்ற டாக்டர், 46 வயதுப் பெண்மணி ஒருவருக்கு ஆட்டின் தைராய்டை அரைத்துச் சாறெடுத்து ஊசி போட்டார். படுத்த படுக்கையாக ஆகிவந்த அந்த அம்மா தேறி, இன்னும் 28 வருடம் வாழ்ந்து 74 வயதில்தான் காலமானார். அதற்குள் அவருக்காக 870-க்கும் மேற்பட்ட ஆடுகளின் தைராய்டு செலவானதாம்! இன்று ஆட்டுக்கு அவசியம் இல்லை. கடுகளவு வெள்ளை மாத்திரை. சின்னதாக, மலிவாக இருப்பதாலேயே மதிப்பில்லாமல் போய்விட்டதோ என்று எனக்குத் தோன்றுகிறது. விலை உயர்ந்த ஊசி என்றால் ஒரு வேளை தவறவிடுவார்களா?

அக்கா இப்போது வாக்கர் பிடித்து வாசல் வரை வருகிறார். இரண்டு மாதம் கழித்துப் பார்த்ததில் டி.எஸ்.ஹெச். 6-க்கு வந்திருக்கிறது. அளவு மாற்றினால் ஆறிலிருந்து எட்டு வாரம் கழித்துத்தான் மறுபடி பார்க்க வேண்டும், அதற்கு முன் பார்த்தால் சரியாகக் காட்டாது. அந்தத் தேதியையும் டிஸ்சார்ஜ் சம்மரியில் எழுதிக் கொடுத்தால் புண்ணியமாகப் போகும். இரண்டாவது மருத்துவமனையில் கேட்டு எழுதி வாங்கினேன். மாத்திரையின் பெயர், மைக்ரோகிராம் அளவு, "தொடர்ந்து சாப்பிடவும்" என்ற சொல், அடுத்த பரிசோதனை மாதம். மொத்தம் ஒன்றரை வரிதான்.

முதல் மருத்துவமனைக்கும் கடிதம் எழுதினேன். நஷ்ட ஈடு கேட்டு அல்ல. சேர்க்கும் படிவத்தில் சுகர், பிரஷர் கட்டத்துக்கு அடியில் மூன்றாவதாக ஒரு கட்டம் சேர்க்கச் சொல்லி. வீட்டில் தினமும் சாப்பிடும் மாத்திரைகள் என்னென்ன என்று நான்கு கோடு போட்ட இடம் விடச் சொல்லி. அக்கா மகன் "எதுக்கு சித்தி வம்பு" என்றான். அனுப்பிவிட்டேன். மூன்று வாரம் கழித்து, பரிசீலிக்கிறோம் என்று ஒரு பதில் வந்திருக்கிறது. அடுத்த மாதம் அந்தப் பக்கம் போகும்போது படிவத்தை ஒன்று கேட்டு வாங்கிப் பார்ப்பதாக இருக்கிறேன்.

என் மாணவி அவள் வார்டில் ஏற்கெனவே தொடங்கிவிட்டாள். தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறவர் கட்டில் தலைமாட்டில் ஒரு ஒட்டுத்தாள், அதில் "தை 5.30" என்று மட்டும் எழுதியிருக்கும். புதிதாக டியூட்டிக்கு வந்த ஒரு பெண் "தை மாசம் என்ன சிஸ்டர் விசேஷம்?" என்று கேட்டாளாம்.

நம் ஓய்வூதியர் சங்க நண்பர்களில் பாதிப் பேர் வீட்டிலாவது இந்த டப்பா இருக்கும். இந்த வாரமே அதன் லேபிள் தெரியும்படி ஒரு போட்டோ எடுத்து உங்கள் போனிலும் பிள்ளைகள் போனிலும் வைத்துவிடுங்கள். அப்புறம், அண்மையில் யாராவது ஆஸ்பத்திரியில் தங்கியிருந்தால், அங்கே இந்த மாத்திரையைக் கேட்டார்களா, எத்தனை மணிக்குக் கொடுத்தார்கள் என்று கீழே எழுதுங்கள். மருத்துவமனை பெயர் வேண்டாம், நேரம் மட்டும் போதும். செவிலியர்களும் எழுதுங்கள், உங்கள் சிரமம் என்ன என்று. அடுத்த கடிதத்தில் சேர்த்துக்கொள்கிறேன்.